எலுமிச்சை மரத்தடியில் ஓர் ஆணி

நம் வயதுக்காரர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில்தான் போய் நிற்கிறது. அண்மையில் பழைய பள்ளித் தோழி ஒருத்தியின் புதுமனை விசேஷத்திலும் அப்படித்தான். பள்ளியில் கொடுத்த காகிதக் கொடி, தகர டம்ளர், பண்டா ஹிலிர் திடலில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த கூட்டம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது காது வலிதான். அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கேசரியைப் பற்றிப் பேசிவிட்டேன். வேலை முடிந்து நேராக அங்கே போயிருந்தேன், கால் கெஞ்சியது. கிழவிகள் ஆகும் வயது நமக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் மாடிப்படியைக் கண்டால் எல்லோருமே கைப்பிடியைத் தேடுகிறோம், கவனித்தீர்களா?

அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் அப்பா ஒரு கண்ணிவெடி தேடும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பத்து பெரெண்டாம் விமானத் திடலுக்குப் பக்கத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கும் சீனர் ஒருவரிடம் பட்டாளத்துச் சாமான்களோடு சாமானாகக் கிடந்ததாம். நீளமான கம்பு, அதன் முனையில் சட்டி மூடியைப் போல் வட்டத் தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்டி, காதில் வைக்கும் கறுப்புக் குமிழ்கள் இரண்டு. எல்லாமே பட்டாளத்துப் பச்சை. அப்பா டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். சில வாரங்கள் சாயங்காலமெல்லாம் ஈயம் உருகும் வாசனை வீட்டை நிறைத்தது. ஒருநாள் பெட்டி முனகியது.

"அரிசி போட்டு வைக்க ஒரு டின் வாங்கிட்டு வாங்கன்னேன். குண்டு தேடுற மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார் அம்மா.

"குண்டு தேட இல்ல. நகை தேட."

"நம்ம வீட்டு நகை எங்க இருக்குன்னு எனக்கே தெரியும். அடகுக் கடையில. அதுக்கு மெஷின் வேணாம்."

அப்பா நினைத்தது ஊரார் நகையை. ஜப்பான்காரன் வரப்போகிறான் என்றதும் எங்கள் காஜா பேராங்கில் வீட்டுக்கு வீடு மண்ணைத் தோண்டி நகையைப் புதைத்திருந்தார்கள். சிகரெட் டின்னில், ஊறுகாய் ஜாடியில், பால் டின்னில். சண்டை ஓய்ந்து திரும்பிப் பார்த்தபோது அடையாளத்துக்கு வைத்த வாழை இல்லை, வேலி நகர்ந்திருந்தது, சில வீடுகளில் புதைத்த ஆளே இல்லை. பல ஆண்டுகள் அப்படியே போய்விட்டன. சுதந்திரம் வரப்போகிறது என்றதும் மறுபடி அந்தப் பேச்சு எழுந்தது. இங்கேயே இருந்து குடியுரிமை எடுப்பதா, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் விவாதம். போகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் மண்ணுக்குள் கிடப்பது ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு ஒரு காது கேட்காது. ஜப்பான்காரன் விட்ட ஓர் அறையில் போனது. இன்னொன்றும் அரைகுறை. கருவியோ காதால் பேசுவது. ஆகவே குமிழ்கள் என் தலைக்கு வந்தன. அவை எனக்குப் பெரியவை. அம்மா பழைய துணியைச் சுருட்டி உள்ளே தைத்துக் கொடுத்தார். அப்பா கம்பை வீசிக்கொண்டே நடப்பார். நான் பெட்டியின் ஒயர் நீளத்துக்குள் அவரை ஒட்டி நடக்க வேண்டும். வெயிலில் ரப்பர் சூடாகி காது வேகும். படுக்கப்போனால் முனகல் தலைக்குள் தொடரும். மற்றப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவுக்குக் கடல் பார்க்கப் போனார்கள். நான் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டைச் சுற்றி நடந்தேன்.

சத்தங்களை ஒரு மாதத்தில் பிரித்துக்கொண்டேன். ஆணி என்றால் சுருக்கென்று வந்து உடனே போய்விடும். குதிரை லாடம் கொஞ்சம் இழுக்கும். டின் என்றால் அகலமாக வந்து நின்று, பிறகு மெல்லத் தேயும். அப்பா என் முகத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். "ஆணி" என்பேன். நடப்போம். அந்தப் பருவத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான். பலகை வீடுகள் இடிந்த ஊர். மண் முழுக்க ஆணி. அப்பா எதையும் வீணாக்க மாட்டார். தோண்டி எடுத்த ஆணிகளை ஒரு வாளியில் போட்டு வைத்தார்.

ஆணியைத் தவிரக் கிடைத்தவை: ஒரு பூட்டு, சாவி இல்லாமல். சாவிகள், அந்தப் பூட்டுக்குச் சேராதவை. ஜப்பான்காரன் பித்தான். குழந்தையின் ஒற்றைக் கொலுசு. பிறகு, எப்போதாவது, தங்கம்.

அப்பா இந்தக் காரியத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார். அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். தோண்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் என்ன புதைத்தார், எதில் வைத்துப் புதைத்தார் என்று சொல்லிவிட வேண்டும். உறவில்லாத சாட்சிகள் பக்கத்தில் நிற்க வேண்டும். வெள்ளைத் துண்டு விரித்து, கிடைத்ததை அதன் மேல் வைத்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வீட்டுக்காரரே திறக்க வேண்டும். கூலி கிடையாது. ஒரு தேநீர் குடிப்பார்.

"நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. எல்லாம் நாலு பேர் முன்னால நடக்கணும்" என்பார்.

சாட்சிகள் பெரும்பாலும் இரண்டு பேர். ஒருவர் கோடிவீட்டுப் பெரியம்மா. எங்கள் சந்தின் கடைசி வீடு; ஆனால் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர். இன்னொருவர் எதிர்வீட்டு அத்தை. தனியாக இருந்தார். ரவிக்கை தைப்பார். கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே சாட்சிக்கு வந்து நிற்பார்.

நகை கிடைத்தால் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் காப்பு கிடைத்தது. மாலைக்குள் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் கிடைத்த சங்கிலி, பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது விற்கத் தேடியதாம். அந்த அம்மா அதைத் துண்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப கிடைச்சிருக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தேநீர் கொண்டுவர மறந்துபோனார். அப்பா கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். "குடுத்தாச்சு. அது போதும்" என்றார். அவருக்குக் கொடுப்பதோடு கணக்கு முடிந்தது.

எதிர்வீட்டு அத்தையின் கழுத்தில் தங்கம் இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தார். பொங்கல் வந்தால் புதுக் கிழங்கு மாற்றுவார். வருஷக் கடைசியில் அது வற்றி, விரல் நுனி அளவுக்குச் சுருங்கியிருக்கும். அவருடைய எல்லா ரவிக்கையிலும் கழுத்தோரம் மஞ்சள் கறை. என்னைப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுக்கும்போது அந்த வாசனை வரும். பச்சையாக, கொஞ்சம் மண்ணாக.

அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அவரோடு போன சிலர் திரும்பினார்கள். சிலர் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. இவரைப் பற்றி எதுவும் வரவில்லை. நான் பிறப்பதற்கு முந்திய கதை. சுவரில் ஒரு படம் இருந்தது, லோரிக் கதவில் கை வைத்தபடி. அதற்கு அத்தை மாலை போட்டதில்லை.

கருவி வந்த புதிதில் அப்பா முதலில் கேட்டது அவரைத்தான்.

"தங்கச்சி, உங்க வீட்டுலயும் ஒரு தடவை நடந்துடறேன். எங்க வச்சாருன்னு ஏதாவது குறிப்பு தெரியுமா?"

"வேணாம் அண்ணே."

"செலவு ஒண்ணும் இல்லம்மா."

"அதுக்கில்ல. அவரே தாலியைக் கழட்டி, இந்த மஞ்சளைக் கட்டிவிட்டுட்டு, கொண்டுபோய் வச்சாரு. எங்கன்னு சொல்லல. தெரிஞ்சா அடிச்சுக் கேப்பான், தெரியாம இருக்கறது நல்லதுன்னாரு. வந்து எடுத்து நானே கட்டுறேன்னாரு." பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "புதைச்ச ஆள் வந்து எடுக்கட்டும்."

அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கூச்சப்படுது" என்றார்.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீடு செட்டி வீடு, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறியவர்கள். அந்த அம்மா கெபாயாச் சட்டை போட்டு சரோங் கட்டுவார். சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேச்சு மலாய். தமிழில் சில சொற்கள் தெரியும். அவர் புதைத்தது கெபாயாவின் முன்பக்கம் மாட்டும் கெரோசாங். மூன்று பதக்கங்கள் சேர்ந்தது. அவருடைய கோழிக்கூட்டின் அடியில் இரண்டு கிடைத்தன. துண்டின் மேல் அவற்றை வைத்து, "துவா சாஜா?" என்றார். இரண்டுதானா என்று. மூன்றாவது இல்லாமல் மாட்ட முடியாது. அவர் முகத்தைப் பார்த்த அப்பா, அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் போனோம். என் காது புண்ணாகியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரு வீட்டுக்கும் நடுவில் வண்டி போகும் சடக்குப் பக்கமாக நின்ற எலுமிச்சை மரத்தடியில் அகலமான சத்தம் வந்தது. நான் நின்றேன். அப்பா புருவத்தைத் தூக்கினார்.

"டின்" என்றேன்.

வேலி அந்த இடத்தில் செத்துப் போயிருந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. மூன்றாவது பதக்கம்தான் என்று அப்பா உறுதியாக நம்பினார். வழக்கப்படி சாட்சிகளைக் கூப்பிட்டார். கோடிவீட்டுப் பெரியம்மா கையில் கரண்டியோடு வந்தார். சந்தில் இருந்த இன்னும் சிலரும் வந்தார்கள். எதிர்வீட்டு அத்தை ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு வந்து நின்றார்.

சிகரெட் டின். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தது. துண்டை விரித்து அதன் மேல் வைத்தார் அப்பா. செட்டி வீட்டு அம்மாதான் திறந்தார். உள்ளே அரக்குப் பட்டுத் துணிக் கிழிசல். அதைப் பிரித்தார்.

தாலி. பிள்ளையார் உரு பொறித்தது, இரண்டு பக்கமும் குண்டு.

செட்டி வீட்டு அம்மா அதை உள்ளங்கையில் வைத்தபடி நிமிர்ந்து, நேரே எதிர்வீட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை தாலியைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்கள் அறுந்து, ஈரமாக இருந்த குழி.

"அடியே, உன் வீட்டுக்காரர் வச்சதுல்ல இது?" என்றார் பெரியம்மா.

"இல்லக்கா."

"உன் கல்யாணப் புடவைக் கலரு இதுதானே. நான்தான் உனக்கு மடிப்பு வச்சுக் கட்டிவிட்டேன்."

"அரக்குக் கலரு ஊர்ல எல்லாருகிட்டயும் இருக்கு." அவர் குரல் உயரவில்லை. "என்னோடது இல்லக்கா. அடுப்புல பால் வச்சிருக்கேன்."

போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உரியவர் என்று யாரும் சொல்லாத நகை அவர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்தின் பின்னால் வைத்தார். சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் முன் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, பதட்டத்துல சரியாப் பார்க்கல போல. ஒரு தடவை கையில வாங்கிப் பாரும்மா."

"பார்த்தேன் அண்ணே. பசியாறிட்டீங்களா?"

அதற்கு மறுநாளும் போனார். அந்த வாரம் முழுக்கப் போனார். ஒவ்வொரு நாளும் அத்தை அவரைப் பசியாறியாச்சா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் முகம் கொஞ்சம் சிறுத்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. தங்கத்தின் மேல் யாருக்காவது கூச்சம் இருக்கலாம், கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார். நல்ல மனுஷர். இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயது நெருங்கிவிட்டது; அந்த நல்ல மனத்தோடு ஒரே வீட்டில் இருப்பது அம்மாவுக்கு எத்தனை அலுப்பாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இதற்கிடையில் குழாயடியில் பேச்சு கிளம்பியது. எங்கள் வீட்டில் சித்தியின் கல்யாணம் அடுத்த மாதம். மஞ்சள் இடிக்க சுமங்கலிகளைக் கூப்பிட வேண்டும். கோடிவீட்டுப் பெரியம்மா அம்மாவின் வாளி நிரம்பும்வரை காத்திருந்து சொன்னார்:

"அவளைக் கூப்பிடாதே, சொல்லிட்டேன். தாலி வீடு தேடி வந்திருக்கு. ஆளு வருவான்னு நினைக்கிறவ வாங்கிக் கட்டிக்க மாட்டாளா? வேணாங்கறான்னா என்ன அர்த்தம்? ஆள் இல்லன்னு அவளுக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

"அப்ப கட்டிக்கட்டும். இல்ல, அந்தக் கயித்தையும் எடுத்துடட்டும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னுக்கிட்டு உன் தங்கச்சிக்கு மஞ்சள் இடிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்வீட்டில் அன்று மெஷின் ஓடவில்லை. குழாயடியிலிருந்து அந்த வீட்டுக்குப் பேச்சு நன்றாகக் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை அப்பா டின்னை எடுத்துக்கொண்டு பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். கோயிலைத் தாண்டி, பள்ளிவாசலுக்கு முன்னால் இருந்தது பத்தர் கடை. காஜா பேராங்கில் பாதித் தாலி அவர் செய்தது. செய்தவரே சொல்லிவிட்டால் அத்தை மறுக்க முடியாது என்பது அப்பாவின் கணக்கு.

பத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தை நகத்தால் தடவினார்.

"வேலை நம்மதுதான். எங்க கிடைச்சுது?"

அப்பா சொன்னார்.

"லோரிக்காரர் வீடு."

"ஆமா. ஆனா அந்தப் பொண்ணு தன்னோடது இல்லன்னு சொல்லுது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

பத்தர் தாலியைத் துணியில் சுற்றி, டின்னுக்குள் வைத்து மூடி, அப்பா பக்கம் தள்ளினார்.

"அந்தப் பிள்ளை இல்லன்னு சொன்னா இல்லதான் ஐயா. நான் வர மாட்டேன். உருக்கித் தரச் சொன்னாலும் செய்ய மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "காதுல என்ன பாப்பா, புண்ணா?" என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பத்தருக்கும் பயம் வந்துடுச்சு. நாளைக்கு நாலு பேரைக் கூட்டி வச்சுத்தான் அது கையில குடுக்கணும்" என்றார்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலை நிறுத்தவில்லை.

"குடுங்க. வாங்கிட்டு அவ என்ன பண்ணுவா? கட்டுவாளா, எடுப்பாளா?"

"அது அதோட இஷ்டம்."

"இத்தனை வருஷமா அவ இஷ்டமாத்தான் இருந்தா. யாரும் கேக்கல. நீங்க நாலு பேரைக் கூட்டி வச்சுத் திறந்தீங்க, இப்ப தெருவே கேக்குது. வந்து எடுப்பேன்னு சொன்ன மனுஷன் வர்றதுக்கு முன்னால நீங்க எடுத்துட்டீங்க. இனி அவரு வந்து எதை எடுப்பாரு?"

அப்பா கேட்கும் காதை அம்மா பக்கம் திருப்பியபடி நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியதை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வந்த வழியே சைக்கிளில் போய், சாயங்காலம்தான் திரும்பினார்.

ஞாயிறு காலை அதே ஆட்களை அதே மரத்தடிக்குக் கூப்பிட்டார். அத்தையைக் கூப்பிடவில்லை, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். எதையும் நாலு பேர் முன்னால் செய்கிறவர், அன்று நாலு பேர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பத்தர்கிட்ட காட்டினேன். பித்தளையாம். யாரோ நாடகக்காரங்க சாமானா இருக்கும். உங்களை வீணா அலைய வச்சுட்டேன்."

"பித்தளையா? பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார் பெரியம்மா.

செட்டி வீட்டு அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்தவர். கனம் தெரியாதவர் இல்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தெம்பாகா" என்றார், பித்தளைதான் என்பதுபோல் தலையை ஆட்டி. "நான் அன்றே நினைத்தேன்" என்று மலாயில் சேர்த்துக்கொண்டார்.

பெரியம்மா விடவில்லை. அடுத்த நாளே காது தோட்டைச் சரிபண்ணுகிற சாக்கில் பத்தர் கடைக்குப் போய் வந்தார். போய் வந்ததை அவரே குழாயடியில் சொன்னார். "பித்தளைங்கறாரு. அந்தாளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு லா."

"அப்ப உங்க தோட்டை அவர்கிட்ட எதுக்குக் குடுத்தீங்க? போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் அம்மா. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். மனதில் எதையும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள மாட்டார்.

மஞ்சள் இடிக்கிற அன்று அம்மா உலக்கையை முதலில் எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்தார். அத்தை முதல் இடி இடித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அதற்கு முன்பே, பித்தளை என்று சொன்ன அன்று நண்பகலில், சந்தே சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, அப்பா டின்னையும் மண்வெட்டியையும் ஆணி வாளியையும் எடுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனார். கருவியோடு நானும். அத்தை வெளியே வந்தார்.

"அண்ணே, எங்கன்னு எனக்குத் தெரிய வேணாம்."

"சரிம்மா."

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சடக்கைப் பார்த்தார். சடக்கில் யாருமில்லை. சுதந்திரத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. அப்பா மரத்தின் மறுபக்கம், வேர் இல்லாத இடமாகப் பார்த்துத் தோண்டினார். டின்னை வைத்து மண் தள்ளி, தட்டை மேலே பிடித்தார்.

"கேக்குதா?"

"கேக்குது."

வெளியே எடுத்து, இன்னும் தோண்டினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "இப்ப?"

"கொஞ்சம்."

மறுபடி தோண்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இப்ப?"

"கேக்கல."

பாதிக் குழி மூடியதும் வாளியைக் கவிழ்த்தார். ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த துருப்பிடித்த ஆணிகள். அவற்றின் மேல் மீதி மண்ணைத் தள்ளி மிதித்தார். கடைசியாக ஒரு தடவை தட்டைப் பிடித்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஆணி" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகும் சில வீடுகளுக்குப் போனோம். சாட்சி, வெள்ளைத் துண்டு எல்லாம் நின்றுபோயின. எது கிடைத்தாலும் அப்பா சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உரியவரை அடுப்படிப் பக்கமாகக் கூப்பிட்டுத் தனியாகக் காட்டினார். செட்டி வீட்டு அம்மாவின் மூன்றாவது பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. பேட்டரி தீர்ந்ததும் கருவி கட்டிலுக்கடியில் போனது. அப்பா இப்போது இல்லை. பத்தரும் இல்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசேஷ வீட்டில் தோழிகள் கேட்டபோது, தொலைபேசிக் கம்பி வேலை என்று மட்டும் சொன்னேன். மண்ணுக்குள் போகும் கம்பிகளின் பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. சடக்கை அகலப்படுத்தி, மேடாக்கி, தார் போட்டுவிடுகிறார்கள். மூடிகள் உள்ளே போய்விடுகின்றன. கருவி இப்போது இலேசானது. காதுக் குமிழ்கள் அளவானவை. நடைதான் அதே நடை. நாளெல்லாம் வெயிலில் நடந்து, குனிந்து, குறித்து, மறுபடி நடப்பது. இரவு படுத்தால் அதே முனகல்.

விசேஷத்தன்று பகலில் எங்களுக்குக் கொடுத்த இடம் காஜா பேராங். சடக்கு இப்போது வேலிவரை வந்துவிட்டது. எலுமிச்சை மரம் ஒரு பக்கம் பட்டுப்போய் மறுபக்கம் காய்த்திருந்தது. பெட்டி அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கோ இருக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் மண்வெட்டியோடு நின்றார். தட்டை மரத்தடிக்குக் கொண்டுபோனதும் சுருக்குச் சுருக்கென்று பல சத்தங்கள். அவற்றுக்கு அடியில், மிகக் கீழே, அகலமாக ஒன்று. வந்து நின்று மெல்லத் தேய்ந்தது. அப்பாவின் கருவிக்கு எட்டாத ஆழம். இதற்கு எட்டுகிறது.

நான் நின்றுவிட்டதைப் பார்த்து அண்ணன் வந்து மண்வெட்டியை ஓங்கினார்.

"இங்கயா?"

"இல்ல. அங்க வேணாம்."

"முகத்தைப் பார்த்தா பெரிய சாமானாட்டம் தெரியுது. ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துடறேன்."

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தை வாசற்படிக்கு வந்திருந்தார். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. ரவிக்கைக் கழுத்தில் மஞ்சள் கறை. எங்களை எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"என்னம்மா கிடைச்சுது?" என்று கேட்டார்.

"ஆணி, அத்தை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, அன்று உட்கார்ந்து பார்த்த அதே பக்கம் சடக்கைப் பார்த்தார். ஒரு லோரி போனது. அது போய் மறையும்வரை பார்த்தார்.

"ஆணிதானே. கிடக்கட்டும்" என்றார். "வெயில் ஏறுது. கை கால் கழுவிட்டு ரெண்டு பேரும் உள்ள வாங்க. தேத்தண்ணி கலக்கி வச்சிருக்கேன்."

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சடக்கின் மறுபக்கம் போய்த் தேடத் தொடங்கினேன். பெட்டி அங்கேதான் இருந்தது.